வளர்ப்பு மீனில் ஒட்டுண்ணி: உண்பவருக்கு ஆபத்து எது, அதைக் குளத்தில் எங்கே தடுப்பது?

கேள்வி: "கெண்டைக் குளம் வைத்திருக்கிறோம். சில மீன்களின் உடலில் மீன் பேனும் நங்கூரப் புழுவும் ஒட்டியிருக்கின்றன. இவை சாப்பிடுகிறவர்களுக்குத் தொற்றுமா? எந்த மருந்தை எவ்வளவு போட்டால் மீன் பயமில்லாமல் சாப்பிடத் தக்கதாகும்?"

மீன் பேனும் நங்கூரப் புழுவும் மனிதருக்குத் தொற்றாது. வெண்புள்ளி நோய்க் கிருமியும் செவுளில் ஒட்டும் தட்டைப்புழுவும் அப்படித்தான். மீனின் தோலையும் சளியையும் நம்பிப் பிழைப்பவை அவை. வளர்ப்பவருக்குப் பண நட்டம் வரும், உண்பவருக்கு ஒன்றும் வராது.

கேள்வியின் இரண்டாம் பாதிதான் சிக்கலானது. மனிதரைப் பிடிக்கும் ஒட்டுண்ணிகள் வேறு இனம். அவை உள்ளே இருக்கும் மீன் நோயாளி போலத் தெரியாது. நன்றாகத் தின்னும், துள்ளும், எடையும் போடும். கல்லீரல் தட்டைப்புழுவின் இளம்புழு மீனுக்குள் தன்னைச் சுற்றிக் கட்டும் உறை ஏறத்தாழ 0.14 மில்லிமீட்டர் நீளம்தான். சதைக்குள் இருக்கும் அதை வெறும் கண்ணால் பார்க்க முடியாது. நாற்றமோ நிற மாற்றமோ இருக்காது. ஆகவே "மீனைப் பார்த்தேன், சுத்தமாக இருக்கிறது" என்ற பேச்சுக்கு இங்கே மதிப்பில்லை. குளத்தில் மீனுக்குப் போடும் மருந்தாலும் இது தீராது. நத்தை, மலம், வரும் தண்ணீர், தீவனம் ஆகிய நான்கில்தான் தடுக்க வேண்டும்.

நன்னீர்க் குளத்தில் முதலில் கவலைப்பட வேண்டியது மீன்வழித் தட்டைப்புழுக்களைப் பற்றி. கல்லீரலின் பித்தநாளங்களில் வாழும் கிளோனார்க்கிஸ் சைனென்சிஸ், ஒபிஸ்தோர்க்கிஸ் விவெர்ரினி, ஒபிஸ்தோர்க்கிஸ் ஃபெலினியஸ் ஒரு கூட்டம். சிறுகுடலில் வாழும் ஹாப்லோர்க்கிஸ், மெட்டாகோனிமஸ், ஹெட்டிரோஃபைஸ் வகையறா இன்னொரு கூட்டம். முதல் கூட்டம் கொடியது. ஒரு புழு மனித உடலில் 20 ஆண்டுக்கு மேலும் உயிரோடு இருக்கக்கூடியது. பித்தநாளம் ஆண்டுக்கணக்கில் புண்பட்டுத் தழும்பேறி, சிலருக்குப் புற்றுநோயில் முடிகிறது. உலகச் சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு முகமை ஒபிஸ்தோர்க்கிஸ் விவெர்ரினியை 1994-இலும், கிளோனார்க்கிஸ் சைனென்சிஸை 2009-இலும், மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்குபவை என்று முதல் பிரிவில் சேர்த்தது. புகையிலை இருக்கும் அதே பிரிவு அது.

இவற்றின் சுற்றைத் தெரிந்துகொண்டால் என்ன செய்வது என்பது தானாகப் புரியும். புழு குடியிருக்கும் மனிதர், நாய், பூனை, பன்றி அல்லது மீன் தின்னும் பறவையின் மலத்தோடு முட்டை வெளியே வருகிறது. அது தண்ணீரில் சேர வேண்டும். கல்லீரல் தட்டைப்புழுக்களின் முட்டையைப் பித்தினியா குடும்ப நத்தைகள் தின்கின்றன. ஹாப்லோர்க்கிஸ் போன்ற குடல்புழுக்களுக்கு மெலனாய்டஸ், டாரெபியா போன்ற கூம்பு நத்தைகள் போதும். நத்தைக்குள் ஒரு முட்டை பல நூறாகப் பெருகி, ஒன்றிரண்டு மாதத்தில் வாலுள்ள இளம்புழுக்களாக நீரில் இறங்குகிறது. வால்புழு என்று வைத்துக்கொள்வோம். வால்புழு மீனைத் தொட்டதும் தோலைத் துளைத்து உள்ளே போய், வாலை உதறிவிட்டுச் சதையில் உறை கட்டிக்கொள்கிறது. இந்த உறைப்புழு சில வாரங்களில் முதிர்ந்துவிடும். பிறகு மீன் உயிரோடு இருக்கும்வரை அதுவும் காத்திருக்கும். அந்த மீனை வேகாமல் தின்றவரின் குடலில் உறை கரைந்து, சுற்று மறுபடி தொடங்கும்.

இதில் இரண்டு கணக்குகளை நினைவில் வையுங்கள். ஒன்று, நத்தைகளில் தொற்று பெரும்பாலும் மிகக் குறைவாகவே இருக்கும். நூறு நத்தையில் ஒன்றுகூட இல்லாமல் போகலாம். ஆனால் தொற்றிய ஒரே நத்தை நாள்தோறும் நூற்றுக்கணக்கில் வால்புழுக்களை விடும். ஆகவே "பத்து நத்தையைப் பார்த்தேன், ஒன்றிலும் இல்லை" என்பது எதையும் காட்டாது. இரண்டு, வால்புழுவுக்குத் தண்ணீரில் ஆயுள் ஒன்று முதல் இரண்டு நாள்தான். சுற்றின் மிக மெலிந்த இடம் இதுவே. நீர் மேலாண்மை முழுவதையும் இதன்மேல் கட்டலாம்.

நாற்றங்கால் குளத்தில் தொடங்குங்கள்

பலரும் விற்பனைக்கு நிற்கும் பெரிய மீனைப் பற்றிக் கவலைப்படுகிறார்கள். தொற்று பெருமளவு ஏறுவது நாற்றங்காலில், அதாவது குஞ்சை விரலளவு ஆகும்வரை வளர்க்கும் குளத்தில், முதல் சில வாரங்களில். குஞ்சின் தோல் மெல்லியது. நாற்றங்கால் குளம் ஆழமில்லாதது, கரை ஓரம் அதிகம், இயற்கைத் தீனிக்காக எரு போட்டிருப்பார்கள், புல்லும் பாசியும் மண்டியிருக்கும். நத்தைக்கு இதைவிட நல்ல வீடு கிடையாது. குஞ்சுப் பொரிப்பகத்தில் தொற்றே இல்லாமல் வரும் குஞ்சு, விரலளவு ஆவதற்குள் உறைப்புழுக்களைச் சேர்த்துக்கொண்டுவிடும். அதன்பின் வளர்ப்புக் குளத்தை எவ்வளவு சுத்தமாக வைத்தாலும் உள்ளே போனது வெளியே வராது. வியட்நாமின் செவ்வாற்றுப் படுகையில் நாற்றங்கால் குளங்களிலேயே சேற்றை அள்ளி, களையை நீக்கி, கரை நீர் உள்ளே வழியாமல் தடுத்து, வீட்டு நாய் பூனைகளுக்கும் மக்களுக்கும் மருந்து கொடுத்து நடத்திய சோதனையில் குஞ்சுகளின் தொற்று பெரிதும் குறைந்தது. அதில் புது மருந்தோ புதுக் கருவியோ இல்லை. எல்லாம் மண்வெட்டி வேலை.

குளத்தைக் காயப்போட்டால் நத்தை செத்துவிடும் என்பது பாதி உண்மை. பித்தினியாவுக்கும் மெலனாய்டஸுக்கும் ஓட்டின் வாயை அடைக்கும் மூடி உண்டு. சேற்றுக்குள் புதைந்து மூடியைச் சாத்திக்கொண்டு வாரக்கணக்கில் தாக்குப்பிடிக்கும். மெலனாய்டஸ் இன்னும் மோசம். ஆண் இல்லாமலே குட்டி போடும் இனம் அது. ஒன்று தப்பினால் போதும், குளம் நிறைந்துவிடும். ஆகவே நீரை முழுக்க வடித்து, தரை பாளம் பாளமாக வெடிக்கும்வரை ஒன்று முதல் இரண்டு வாரம் காயவிட்டு, மேல்சேற்றை 10 முதல் 15 சென்டிமீட்டர் வரை வெட்டி அள்ள வேண்டும். அள்ளியதை அதே கரையின் உட்சரிவில் போட்டால் முதல் மழையிலேயே நத்தை திரும்பி வந்துவிடும். அடிக்கடி நடக்கும் தவறு இது. கரைக்கு வெளியே, நீர் திரும்பி வராத இடத்தில் கொட்டுங்கள்.

பிறகு சுண்ணாம்பு. இதற்கு வேண்டியது நீறாத சுட்ட சுண்ணாம்பு. சுண்ணாம்புக்கல் தூள் உதவாது. தூள் மண்ணின் அமிலத்தைச் சரிசெய்யும், நத்தையைக் கொல்லாது. சுட்ட சுண்ணாம்பையும் மூட்டை பிரித்துப் பல நாள் காற்றில் வைத்தால் மெல்ல மெல்லச் சுண்ணாம்புக்கல்லாகவே மாறிவிடும். வாங்கியதை உடனே போடுங்கள். அளவு, சதுர மீட்டருக்கு 100 முதல் 150 கிராம், அதாவது ஹெக்டேருக்கு 1,000 முதல் 1,500 கிலோ. ஈரத் தரையில் போட வேண்டும். காய்ந்து தூசி பறக்கும் தரையில் போட்டால் அது கொதிக்காது, பி.எச். ஏறாது, பணம் வீண். குட்டைகள், மதகின் அடி, வடிகால் வாய் போல நீர் தேங்கி நிற்கும் இடங்களில் அளவைக் கூட்டுங்கள். நத்தை கடைசியாக ஒதுங்குவது அங்கேதான். கண்ணாடி, கையுறை, முழுக்கை சட்டை இல்லாமல் இறங்க வேண்டாம். காற்றுக்கு எதிராக நின்று வீசவும் வேண்டாம். கண்ணில் பட்டால் பார்வையே போகலாம். நீர் நிரப்பிய பின் பி.எச். 8.5-க்குக் கீழ் வந்ததைச் சோதித்த பிறகே குஞ்சு விட வேண்டும். இதற்கு ஒரு வாரம் முதல் பத்து நாள் பிடிக்கும்.

நத்தைக்கொல்லி மருந்தாக உலகச் சுகாதார அமைப்பு ஏற்றிருப்பது நிக்ளோசமைடு. நத்தையைக் கொல்லும் அளவே மீனையும் கொன்றுவிடும். மீன் நிற்கும் குளத்தில் அதற்கு இடமே கிடையாது. காலிக் குளத்தில் போட்டாலும் வடிகால் வழியாக ஆற்றுக்கோ அடுத்த குளத்துக்கோ போகாமல் பார்க்க வேண்டும். மயில்துத்தமும் சுண்ணாம்புச் சத்து குறைந்த நீரில் மீனுக்கு நஞ்சு. இரண்டையும் நான் பரிந்துரைக்க மாட்டேன். சேறு அள்ளிச் சுண்ணாம்பு போட்ட குளத்துக்கு இவை அனேகமாகத் தேவைப்படாது.

நத்தை தின்னும் கருங்கெண்டையை விடலாமா என்று கேட்பவர்கள் உண்டு. அது நத்தையைக் குறைக்கும் என்பது உண்மை. ஆனால் அதுவும் கெண்டைதான், அதன் சதையிலும் உறைப்புழு ஏறும். அந்த மீன் இயல்பாக இல்லாத நாட்டில் தப்பிப்போனால் ஆற்றின் சிப்பி, நத்தை இனங்களை அழிக்கும். மிசிசிப்பி ஆற்றுப் படுகையில் அப்படித் தப்பிப் பரவிவிட்டது. உள்ளூர் இனமாக இருந்து, சட்டமும் அனுமதித்தால் துணைக்கு வைத்துக்கொள்ளுங்கள். முழுப் பொறுப்பையும் அதன்மேல் போடாதீர்கள்.

நத்தை திரும்ப வரும் வழிகளில் கவனிக்கப்படாத ஒன்று தீனி. புல்கெண்டைக்குக் கால்வாயிலிருந்தும் ஏரியிலிருந்தும் அள்ளிவரும் நீர்ப்பாசி, வேலம்பாசி, ஆகாயத்தாமரை வேர் எல்லாவற்றிலும் நத்தையும் அதன் முட்டையும் ஒட்டியிருக்கும். தரையில் வளர்ந்த புல்லை மட்டும் போடுங்கள். நீர்மட்டத்திலிருந்து கரையில் ஒரு மீட்டர் அகலத்துக்குப் புல் இல்லாமல் செதுக்கி வையுங்கள். வலை, வாளி, காலணி வழியாகவும் வரும். ஒரு குளத்து இழுவலையை வெயிலில் முறுக உலர்த்தாமல் அடுத்த குளத்தில் இறக்கக் கூடாது.

நத்தை இருக்கிறதா என்று அறிய எளிய வழி உண்டு. இரண்டு முழம் நீளத் தென்னை அல்லது பனை ஓலைக் கட்டுகளைக் கரையோரம் ஐந்தாறு இடத்தில் அமிழ்த்தி வைத்து, மூன்று நாள் கழித்து எடுத்து வெள்ளைத் தட்டில் உதறுங்கள். புதைந்து வாழும் மெலனாய்டஸுக்கு இது போதாது. கரையடிச் சேற்றில் கைப்பிடி அள்ளிச் சல்லடையில் அலசிப் பார்க்க வேண்டும். மாதம் ஒருமுறை செய்து, எண்ணிக்கையைத் தேதியோடு எழுதிவைத்தால் ஏறுகிறதா இறங்குகிறதா என்பது தெரியும்.

வடிகட்டிக்கு எது அகப்படும், எது அகப்படாது

நீர் வரும் குழாயில் வலைப்பை கட்டியிருக்கிறேன், எதுவும் வராது என்று நம்ப வேண்டாம். அரை மில்லிமீட்டர் கண்ணுள்ள வலை நத்தையையும் அதன் குட்டியையும் காட்டு மீனையும் நிறுத்தும். வால்புழுவை நிறுத்தாது. அதன் உடல் அந்தக் கண்ணுக்குள் எளிதாக நுழையும் அளவுதான். நுழையாத அளவு நெருக்கமான துணியைக் கட்டினால் கால்மணி நேரத்தில் அடைத்துக்கொள்ளும்.

வால்புழுவுக்கு நேரம்தான் மருந்து. வாய்க்கால் நீரை நேரே குளத்தில் விடாமல், நத்தையில்லாத தேக்கத் தொட்டியில் அல்லது தனிக் குளத்தில் 72 மணி நேரம் நிறுத்திவைத்து விடுங்கள். மீன் கிடைக்காத வால்புழு அதற்குள் செத்துப்போகும். இங்கே செய்யும் தவறு, தொட்டியை ஆண்டுக்கணக்கில் கழுவாமல் விடுவது. அதிலேயே நத்தை குடியேறினால் அது வால்புழுப் பண்ணை ஆகிவிடும். இன்னொரு தவறு, தொட்டியில் ஒரு பக்கம் நீர் வந்துகொண்டிருக்கும்போதே மறுபக்கம் குளத்துக்குத் திறந்துவிடுவது. அப்போது 72 மணி நேரம் என்பது பெயரளவில்தான். இரண்டு தொட்டிகளை மாற்றி மாற்றிப் பயன்படுத்துவது நல்லது. ஆழ்துளைக் கிணற்று நீருக்கு இந்தத் தொல்லை எதுவும் இல்லை. நாற்றங்காலுக்கு மட்டுமாவது அந்த நீர் கிடைத்தால் பெரிய பாரம் குறையும். அதில் ஆக்சிஜன் குறைவாக இருக்கும் என்பதால் உயரத்திலிருந்து கொட்டவிட்டு நிரப்புங்கள்.

மலம்: மனிதர் மட்டும் அல்ல

கழிப்பறைக் கழிவு குளத்தில் கலக்கக் கூடாது என்பது எல்லாரும் அறிந்ததே. கழிவுநீரில் மீன் வளர்ப்பதற்கு உலகச் சுகாதார அமைப்பு 2006-இல் வெளியிட்ட வழிகாட்டி, உயிருள்ள தட்டைப்புழு முட்டை ஒன்றுகூடத் தென்படக் கூடாது என்கிறது. பாக்டீரியாவுக்கு ஓர் எண்ணிக்கை வரை இடம் கொடுக்கும் அதே வழிகாட்டி இதற்கு இடம் கொடுக்கவில்லை. ஒரு முட்டை நத்தைக்குள் பல நூறாகப் பெருகும் என்பதுதான் காரணம்.

ஆனால் கழிப்பறையைச் சரிசெய்துவிட்டு நாய் பூனையை விட்டுவிடுகிறார்கள். குடல்புழுக்களின் சுற்று மனிதர் ஒருவரும் இல்லாமலே நாய், பூனை, கொக்கு இவற்றை வைத்து ஓடும். அறுத்த மீனின் குடலையும் தலையையும் கரையில் எறிவதும், அதைப் பூனை தின்று கரை மண்ணைப் பறித்து மலம் கழிப்பதும், மழை அதைக் குளத்தில் சேர்ப்பதும் ஒரே சங்கிலி. கழிவை வேகவைக்காமல் எந்த விலங்குக்கும் போடாதீர்கள். முடியாவிட்டால் ஆழப் புதையுங்கள். கரையின் உச்சி குளத்துக்கு வெளிப்பக்கம் சரிந்திருக்க வேண்டும். நீர் விளிம்பைச் சுற்றி ஒரு அடி உயர மண்வரப்போ சிமெண்ட் விளிம்போ கட்டினால் மழைநீர் உள்ளே வழியாது. விலங்கு நுழையாமல் வலைவேலி போட்டால் இன்னும் நல்லது.

வளர்ப்பு நாய் பூனைக்குப் புழுமருந்து கொடுக்கும்போது ஒரு கண்ணி இருக்கிறது. நாடாப்புழுவுக்காகக் கொடுக்கும் பிராசிகுவாண்டெல் அளவு உடல் எடையில் கிலோவுக்கு 5 மில்லிகிராம் அளவில்தான் இருக்கும். கல்லீரல் தட்டைப்புழுவுக்கு அது போதாது. அதைவிடப் பல மடங்கு தேவை. கால்நடை மருத்துவரிடம் "மீன்வழித் தட்டைப்புழுவுக்கு" என்று சொல்லிக் கேளுங்கள். மருந்து கொடுத்த அடுத்த வாரமே பச்சை மீன் தின்றால், சில குடல்புழுக்கள் இரண்டு வாரத்துக்குள் மறுபடி முட்டையிடத் தொடங்கும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை மாத்திரை கொடுப்பதைவிடப் பச்சைக் கழிவை நிறுத்துவதே பெரிது.

எருவைப் பற்றியும் சொல்ல வேண்டும். மாட்டுச் சாணத்தால் இந்த மீன்வழிப் புழுக்கள் வராது, மாடு மீன் தின்பதில்லை. பன்றிக் கழிவு அப்படியல்ல. பன்றி கிளோனார்க்கிஸைச் சுமக்கும், அதுவும் மீன் கழிவு தின்னும் பன்றி என்றால் சொல்லவே வேண்டாம். குளத்தின் மேலேயே பன்றிக் கொட்டகை கட்டும் முறையை நாற்றங்காலில் கைவிடுங்கள். எரு வேண்டுமென்றால் குவியலின் எல்லாப் பகுதியும் குறைந்தது மூன்று நாள் 55 டிகிரி செல்சியஸுக்கு மேல் இருக்கும்படி மக்கவைத்த பிறகு போடுங்கள். ஓரத்தில் இருப்பது சூடேறாது என்பதால் கிளறி உள்ளே தள்ள வேண்டும்.

சோதனை: எத்தனை மீன், எப்படி

விரலளவு குஞ்சு வாங்கும்போது சோதிக்காமல் வாங்கினால் மேலே சொன்ன உழைப்பு எல்லாம் வீண். ஐந்தாறு மீனைப் பார்த்தால் போதாது. கூட்டத்தில் நூற்றுக்குப் பத்து மீனில் தொற்று இருந்தால் அதை 95 விழுக்காடு உறுதியோடு கண்டுபிடிக்க 29 மீன் பார்க்க வேண்டும். நூற்றுக்கு ஐந்து என்றால் 59. நூற்றுக்கு இரண்டு என்றால் ஏறத்தாழ 150. மீன்களைக் குளத்தின் ஒரே மூலையிலிருந்து எடுத்தால் இந்தக் கணக்கு பொய்த்துவிடும்.

செவுளை மட்டும் பார்த்துச் சான்று தருகிறவர்களும் உண்டு. செவுளில் உறை கட்டும் வகை உண்டுதான். ஆனால் கிளோனார்க்கிஸ் பெரும்பாலும் சதையில் இருக்கும், ஹாப்லோர்க்கிஸ் துடுப்பின் அடியிலும் வாலடியிலும் கூட இருக்கும். ஆகவே முழு மீனையும் செரிக்கவைத்துப் பார்ப்பதே சரியான முறை. ஒரு லிட்டர் நீரில் 10 மில்லிலிட்டர் அடர் ஹைட்ரோகுளோரிக் அமிலம், 10 கிராம் பெப்சின் என்னும் செரிமான நொதி கலக்க வேண்டும். அமிலத்தை நீரில் ஊற்றுங்கள், நீரை அமிலத்தில் ஊற்றக் கூடாது. அரைத்த மீன் 100 கிராமை அதில் போட்டு, 37 டிகிரியில் இரண்டு மணி நேரம் அவ்வப்போது கிளறிவைக்க வேண்டும். ஒரு மில்லிமீட்டர் சல்லடையில் வடித்து, 0.85 விழுக்காடு உப்பு நீர் ஊற்றிப் படியவிட்டு, மேல்நீரைக் கொட்டி, தெளியும்வரை திரும்பச் செய்து, அடியில் தங்கியதை ஸ்டீரியோ நுண்ணோக்கியில் பார்க்க வேண்டும். வெப்பம் 40 டிகிரிக்கு மேல் கணிசமாக ஏறினால் புழு செத்து உருக்குலைந்து அடையாளம் தெரியாது. உறையைக் காண்பது எளிது. எந்த இனம் என்று சொல்வதற்குப் பழகிய கண்ணோ மரபணுச் சோதனையோ வேண்டும். மனிதருக்கு ஆகாதவையும் அதில் கலந்திருக்கும் என்பதால் ஓர் உறையைக் கண்டதும் பதற வேண்டாம், மாதிரியை ஆய்வகத்துக்கு அனுப்புங்கள்.

தீவனம் வழியாக வருபவை

கடல் மீன் வளர்ப்பில் நத்தைக்குப் பதிலாகத் தீவனத்தைப் பார்க்க வேண்டும். அனிசாகிஸ் என்னும் உருளைப்புழு, திமிங்கலம் போன்ற கடல் பாலூட்டிகளில் முதிர்ந்து, சிறு இறால் வகைகள் வழியாக மீனுக்கு வருகிறது. பச்சை மீனோடு மனித வயிற்றுக்குள் போனால் சில மணி நேரத்தில் சுவரைத் துளைத்துத் தாங்க முடியாத வலி தரும். சிலருக்குக் கடும் ஒவ்வாமை உண்டாகும். வேகவைத்தாலும் புழுதான் சாகும், ஒவ்வாமைப் பொருள்களில் சில அழியாமல் நிற்கும். முட்டையிலிருந்து வளர்ந்து, ஆலையில் வெப்பத்தில் தயாரான குருணைத் தீவனத்தை மட்டும் தின்னும் சால்மனில் இது அரிது. அதனால்தான் ஐரோப்பிய ஒன்றியம் அத்தகைய வளர்ப்பு மீனுக்கு உறையவைக்கும் கட்டாயத்திலிருந்து விலக்கு தருகிறது. விலக்கு "வளர்ப்பு" என்ற சொல்லுக்குக் கிடையாது, தீவனத்துக்கும் சூழலுக்கும்தான். கடலில் பிடித்த குஞ்சைக் கூண்டில் கொழுக்கவைத்தாலோ, பச்சைக் கழிவு மீனைத் தீனியாகப் போட்டாலோ அது காட்டு மீனுக்குச் சமம். பச்சை மீன் போட்டே தீர வேண்டுமென்றால் மைனஸ் 20 டிகிரியில் ஏழு நாள் உறையவைத்துப் போடுங்கள். வளர்ச்சி குன்றி ஒதுங்கும் மீன்களைத் தரம்பிரிக்கும்போதே நீக்கிவிடுங்கள். குருணை தின்னாமல் கூண்டுக்குள் மிதந்து வருவதைத் தின்று பிழைப்பவை அவை. நார்வேயில் வளர்ப்புச் சால்மனில் அனிசாகிஸ் கண்டது இப்படிக் குன்றிய மீன்களில்தான். அந்த ஆய்வு 2014-இல் வெளிவந்தது.

விராலிலும் சேற்று விலாங்கிலும் நாத்தோஸ்டோமா என்னும் உருளைப்புழு வரும். நீரிலுள்ள நுண்ணிய சைக்ளாப்ஸ் அதன் முதல் வீடு. மனிதரின் தோலடியில் ஊர்ந்து, இடம் மாறி மாறி வீக்கம் தரும். கண்ணுக்கோ மூளைக்கோ போனால் ஆபத்து. இந்த மீன்களுக்கும் காட்டுச் சிறுமீனையும் தவளையையும் தீனியாகப் போடாமல் குருணைக்குப் பழக்குவதே தடுப்பு.

வளர்ப்பு மீனிலிருந்தே புதிதாகத் தெரியவந்த ஒன்றையும் சொல்ல வேண்டும். ஜப்பானில் பச்சையாக உண்ட வளர்ப்புத் தட்டைமீனால் சில மணி நேரத்திலேயே வாந்தியும் பேதியும் வந்து, காரணம் தெரியாமல் இருந்தது. குடோவா செப்டெம்பங்டேட்டா என்ற நுண்ணிய ஒட்டுண்ணிதான் காரணம் என்று 2011-இல் அங்குள்ள சுகாதார அமைச்சகம் அறிவித்தது. ஒரு கிராம் சதையில் பத்து லட்சம் வித்துகளுக்கு மேல் இருந்தால் விற்கக் கூடாது என்பது அங்குள்ள வரம்பு. நோய் ஓரிரு நாளில் தானாக அடங்கிவிடும். மைனஸ் 20 டிகிரியில் நான்கு மணி நேரமோ, 75 டிகிரியில் ஐந்து நிமிடமோ அதைச் செயலிழக்கவைக்கும்.

அறுவடைக்குப் பிறகு

வேகவைத்தால் மேலே சொன்ன புழுக்கள் எல்லாம் சாகும். துண்டின் நடுப்பகுதி 63 டிகிரியைத் தொட வேண்டும். மேலே வெந்து எலும்போரம் சிவந்திருந்தால் வேகவில்லை என்று கொள்ளுங்கள். எலுமிச்சைச் சாறு, வினிகர், மிளகாய், லேசான உப்பு, குளிர்ப்புகை இவற்றில் எதையும் நம்ப வேண்டாம். அமிலம் சதையை வெளுக்கவைக்கும், வெந்தது போலத் தோன்றும். வயிற்று அமிலத்தையே கடந்து வாழப் பழகிய புழு அதில் சாகாது.

உறையவைப்பதில் எண்களைக் குழப்பிக்கொள்கிறார்கள். மைனஸ் 20 டிகிரியில் 24 மணி நேரம் அல்லது மைனஸ் 35-இல் 15 மணி நேரம் என்பது ஐரோப்பிய விதி. ஆனால் தட்டைப்புழு அல்லாத ஒட்டுண்ணிகளுக்குத்தான் அது என்று அந்த விதியே சொல்கிறது. அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகத்தின் அளவு மைனஸ் 20-இல் ஏழு நாள். நன்னீர்க் கெண்டைக்கு ஏழு நாளைக் குறைந்த அளவாக வைத்துக்கொண்டு, பச்சையாக உண்பதையே தவிர்ப்பது என் கருத்து. நேரத்தைக் கதவை மூடியதிலிருந்து எண்ணக் கூடாது, துண்டின் நடுப்பகுதி அந்தக் குளிரை எட்டியதிலிருந்து எண்ண வேண்டும். வீட்டு உறைவிப்பான்கள் பல மைனஸ் 18-ஐக்கூட எட்டாது. ஒரு வெப்பமானியை உள்ளே வைத்துப் பாருங்கள்.

நெதர்லாந்தில் லேசாக உப்பிட்ட ஹெர்ரிங் மீனால் அனிசாகிஸ் நோய் பரவியபோது 1968-இல் உறையவைப்பதைச் சட்டமாக்கினார்கள், நோய் சட்டென்று குறைந்தது. கடல் மீனைப் பிடித்த கையோடு குடலை எடுத்துவிடுவதும் உதவும். மீன் செத்தபின் குடலிலுள்ள புழு சதைக்கு நகரும்.

சமையலறையில் கவனிக்க வேண்டியது வெட்டுப்பலகை. பச்சை மீன் வெட்டிய பலகையில், கத்தியைக் கழுவாமல் காய் நறுக்கினால், மீனை நன்றாக வேகவைத்தும் பயனில்லை.

மனிதருக்குச் சிகிச்சை

பச்சை மீன் உண்டவர்களும் பண்ணைக் குடும்பங்களும் மலச் சோதனை செய்துகொள்ள வேண்டும். தொடக்கத்தில் அறிகுறி எதுவும் இருக்காது. பள்ளிகளில் கொடுக்கும் ஒற்றை ஆல்பெண்டசோல் மாத்திரை தட்டைப்புழுவை நீக்காது. கல்லீரல் தட்டைப்புழுவுக்கு உலகச் சுகாதார அமைப்பு சொல்வது பிராசிகுவாண்டெல். தனி நோயாளிக்கு உடல் எடையில் கிலோவுக்கு 25 மில்லிகிராம் வீதம் நாளுக்கு மூன்று வேளை, இரண்டு முதல் மூன்று நாள். ஊர் முழுக்கக் கொடுக்கும்போது கிலோவுக்கு 40 மில்லிகிராம் ஒரே வேளை. மருத்துவர் பார்த்துத்தான் கொடுக்க வேண்டும், கர்ப்பிணிகளுக்கும் மூளையில் நாடாப்புழுக் கட்டி உள்ளவர்களுக்கும் தனிக் கவனம் தேவை. ஆய்வகத்தில் குடல்புழு முட்டையும் கல்லீரல் புழு முட்டையும் ஒன்றுபோலவே தெரியும் என்பதால், முடிவு எதுவாக இருந்தாலும் "நன்னீர் மீன் பச்சையாக உண்டதுண்டு" என்பதை மருத்துவரிடம் நீங்களே சொல்லுங்கள்.

உங்கள் குளத்துக்கு இப்போதைக்கு: மீன் பேனுக்குத் தனியாக மருத்துவம் பாருங்கள். அடுத்த குஞ்சு விடுவதற்கு முன் சேறு அள்ளிச் சுண்ணாம்பு போடும் வேலையைக் குறைந்தது மூன்று வாரம் முன்னதாகத் தொடங்குங்கள். குஞ்சு தருபவரிடம் எத்தனை மீனைச் செரிக்கவைத்துச் சோதித்தார் என்று எண்ணிக்கையைக் கேளுங்கள்.